முகப்பருவும் சமூக உறவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

1

நோய்களின் வரலாறு நெடுங்காலமாக மருந்துகளின் வரலாறாகவோ மருத்துவ மேதைகளின் வாழ்க்கைக் குறிப்புகளாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. கொள்ளைநோய்களைப் பொறுத்தவரை இந்நிலை பெரிதும் மாறிவிட்டது. வாந்திபேதியும் கொள்ளைக் காய்ச்சலும் காசநோயும் நகர உருவாக்கத்தோடும் குடியிருப்பு வசதிகளோடும் உழைப்பு நிலைமைகளோடும் இணைத்து ஆராயப்பட்டுள்ளன. ஆயின், உயிரைப் பறிக்காத சிறு நோய்கள் இன்னும் தனிமனித விவகாரங்களாகவே கொள்ளப்படுகின்றன. முகப்பரு அத்தகைய நோய்களுள் ஒன்று. பருவ வயதினருள் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஓர் அளவில் இதற்கு ஆளாகின்றனர். வளர்ந்தோரிடத்தும், குறிப்பாகப் பெண்களிடத்தும், இது தொடர்வதுண்டு. எனினும், இளமையின் இயல்பு எனச் சிரித்து ஒதுக்குதல், முகத்தைத் துப்புரவாக வைத்திராமையின் விளைவு எனக் கண்டித்தல் ஆகிய இரு மனோபாவங்களே இதுபற்றிப் பொதுவழக்கில் உள்ளன. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஓர் அம்சத்தில் ஒன்றுபடுகின்றன. நோயைச் சமூகத்திலிருந்து பிரித்து நோயாளியின் முகத்தோடு முடித்துவிடுகின்றன.

முகப்பரு பற்றி இன்று எமக்குள்ள அறிவு எவருடைய உடல்களிலிருந்து பெறப்பட்டது? அது பண்டமாக மாறியபோது எவருக்கு விற்கப்பட்டது? இவ்வினாக்களை எழுப்பாதவிடத்து இந்நோய் பற்றிய விளக்கம் குறைபாடுடையதாகவே இருக்கும் என்பது எமது கருத்து. ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வரலாறு இதற்குப் பிரதான சான்றாக அமைகின்றது. அதனை அணுகுமுன், முகத்தைக் கொண்டு மனிதனை எடைபோடும் மரபையும், தொழிற்சாலையில் தோன்றிய பரு வகைகளையும் சுருக்கமாக நோக்குதல் அவசியம்.

2

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சோசர் இயற்றிய 'கன்ரபரிக் கதைகள்' என்னும் நூலில் திருச்சபை நீதிமன்றத்தின் ஏவலாளன் ஒருவன் இடம்பெறுகின்றான். மக்களின் ஒழுக்கக் கேடுகளைக் கண்டறிந்து மன்றுக்கு இழுத்துவருவது அவன் தொழில். இலஞ்சம் பெற்று விட்டுவிடுவது அவன் வழக்கம். கவிஞர் அவனுக்குச் சிவந்து வீங்கிய, கொப்புளங்கள் நிறைந்த, குழந்தைகள் அஞ்சும் முகத்தை அளித்துள்ளார். இன்றைய மருத்துவம் அவனது நோயை எப்பெயரால் அழைக்கும் என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. எமக்கு முக்கியமாவது வேறொன்று. அகத்தின் ஊழல் முகத்தில் எழுதப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையைக் கவிஞரும் வாசகரும் பொதுவாக உடையவராயிருந்தமையாலேயே அங்கதம் அங்கு வலுப்பெறுகின்றது. அதிகாரத்தின் கீழ்நிலை முகவன் ஒருவனை எள்ளுவதற்கு அந்நம்பிக்கை பயன்பட்டது உண்மையே. ஆயினும், அதே நம்பிக்கை குற்றமற்ற எண்ணற்றோரின் முகங்களின்மீதும் தீர்ப்பு வழங்கியது என்பதை மறத்தலாகாது.

அவ்வேவலாளனுக்குப் பயன்படாது போனவை என்று கவிஞர் தரும் மருந்துகளின் பட்டியலும் நோக்கற்பாலது. பாதரசம், ஈயச் சேர்மங்கள், கந்தகம், வெண்காரம் என்பன அதில் அடங்கும். இவற்றுள் கந்தகம் இன்றும் பரு மருந்துகளில் சேர்க்கப்படுகின்றது. பாதரசமும் ஈயமும் உடலுக்கு நஞ்சாவன. நஞ்சும் மருந்தும் ஒரே பட்டியலில் நின்ற இந்நிலை இன்னும் முற்றாக நீங்கவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைத்தேய மருத்துவம் விஞ்ஞானத் தன்மை பெறத் தொடங்கியது. ஆனால் அறவியற் தீர்ப்பு மறைந்துவிடவில்லை. அது தன் மொழியை மாற்றிக்கொண்டது. இளைஞரின் பருவுக்குச் சுயஇன்பமும் கட்டற்ற பாலுணர்ச்சியும் காரணம் எனக் கூறிய மருத்துவர் பலர் இருந்தனர். திருமணம் நோயைத் தீர்க்கும் என்ற ஆலோசனையும் வழங்கப்பட்டது. பின்னர் பாவம் நின்ற இடத்தில் அழுக்கு வந்து அமர்ந்தது. தூய்மையைத் தன் வர்க்க அடையாளமாகக் கொண்ட நடுத்தர வர்க்கத்துக்கும், சவர்க்காரத்தைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய முதலாளிகளுக்கும் இக்கருத்து பெரிதும் உவப்பாயிருந்தது.

3

உண்மையில் நிகழ்வது யாது? ஒவ்வொரு மயிர்க்காலோடும் நெய்ச்சுரப்பி ஒன்று இணைந்துள்ளது. பருவமெய்தும் காலத்தில், இரு பாலாரிலும் சுரக்கும் ஆண்பால் ஓமோன்கள் இச்சுரப்பிகளைப் பெருக்கச் செய்கின்றன. நெய்ப்பொருள் மிகுகின்றது. மயிர்க்காலின் வாயில் இயல்பாக உதிரவேண்டிய கலங்கள் உதிராது ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன. எல்லோருடைய தோலிலும் வாழும் பற்றீரியா வகையொன்று அங்கு பெருக, உடலின் எதிர்வினையாக அழற்சி தோன்றுகின்றது. இந்நான்கு நிகழ்வுகளும் ஒன்றையொன்று பாதிப்பன. இவற்றுள் ஒன்றை மட்டும் முதற் காரணமாகப் பிரித்தெடுத்தல் இயலாது. ஓமோனின் பங்கு 1941ஆம் ஆண்டில் ஹமில்ற்றன் என்பவரின் ஆய்வினால் தெளிவாயிற்று. பருவமெய்துமுன் விதைகள் அகற்றப்பட்ட ஆண்களுக்குப் பரு தோன்றுவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண்பால் ஓமோன் செலுத்தப்பட்டபோது அது தோன்றியது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இவ்விளக்கத்தில் அழுக்குக்கு இடமில்லை. கரும்புள்ளியின் கருமை தூசியினால் வருவதன்று. அது தோலின் நிறப்பொருளாலும், அடைப்பிலுள்ள பொருள் காற்றுப்பட்டு மாற்றமடைவதாலும் உண்டாவது. அடிக்கடி சவர்க்காரமிட்டுத் தேய்த்தல் பருவை மிகுவிக்கக்கூடும் என்பதை மில்ஸ், கிளிக்மன் ஆகியோர் 1975ஆம் ஆண்டில் எழுதினர். இருந்தும், துப்புரவின்மையே காரணம் என்ற எண்ணம் இன்றும் செல்வாக்குடையதாக இருக்கின்றது. விஞ்ஞானத்தால் நிராகரிக்கப்பட்ட கருத்தொன்று சந்தையில் வாழ்வது, அதனால் இலாபம் பெறுவோர் இருப்பதனாலேயாகும்.

4

பருவ வயதோடு தொடர்பற்ற பரு வகைகளும் உள. அவை உழைப்பின் நிலைமைகளிலிருந்து தோன்றியவை. இயந்திரப் பட்டறைகளில் எண்ணெய் தோய்ந்த உடைகளோடு நின்று வேலைசெய்தோரின் முன்னங்கைகளிலும் தொடைகளிலும் எண்ணெய்ப் பரு உண்டாயிற்று. 1899ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தோல் வைத்தியர் கார்ல் ஹேர்க்ஸ்ஹைமர், இரசாயனத் தொழிற்சாலைத் தொழிலாளரிடம் கண்ட கடுமையான பருவை விவரித்து, குளோரீன் வாயுவே அதன் காரணம் எனக் கருதிக் குளோரீன் பரு எனப் பெயரிட்டார். குளோரீன் சேர்ந்த சேதனச் சேர்வைகளே காரணம் என்பது பின்னரே தெரியவந்தது. அவற்றுள் மிகக் கொடியதான டயொக்சின் 1957ஆம் ஆண்டில் அடையாளங் காணப்பட்டது. ஹேர்க்ஸ்ஹைமர் யூதர். தமது முதுமையில் நாற்சிகளால் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1942ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார். தொழிலாளரின் தோலில் தொழிற்சாலையின் நஞ்சை வாசித்த ஒருவர், மனிதரை இனத்தால் தரம்பிரித்த அரசொன்றின் கையில் மாண்டமை இவ்வரலாற்றின் மறக்கவொண்ணாத பகுதியாகும்.

1976ஆம் ஆண்டு யூலை 10ஆம் திகதி இத்தாலியின் செவெசோ என்னுமிடத்துக்கு அருகிலிருந்த இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து டயொக்சின் கலந்த முகில் வெளியேறியது. அதன் விளைவாக 193 பேரிடத்துக் குளோரீன் பரு பதிவாயிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிறுவர்கள். தொழிற்சாலைக்குள் அடங்கியிருந்த நோய் அயலிலுள்ள குழந்தைகளின் முகங்களுக்குப் பரவியபோதே ஐரோப்பா விழித்துக்கொண்டது. செவெசோவின் பெயரால் வழங்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு நெறிமுறை 1982ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. முகத்தைக் கழுவு என்ற அறிவுரை இங்கு எத்துணைப் பொருளற்றது என்பது வெளிப்படை. உற்பத்தி முறையை மாற்றுவதே இந்நோய்க்குச் சிகிச்சை.

5

இனி, பிலடெல்பியாவுக்கு வருவோம். அந்நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலை 1896ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில், அங்கு பரவிய பாதத் தொற்றொன்றைக் கவனிக்கும்படி பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத் தோல் வைத்திய நிபுணர் அல்பேர்ட் கிளிக்மன் அழைக்கப்பட்டார். சிறைக்கூடத்துள் நுழைந்தபோது தம் கண்முன் ஏக்கர் ஏக்கராகத் தோல் விரிந்துகிடக்கக் கண்டதாகவும், வளமான வயலை முதன்முதற் காணும் கமக்காரனின் மனநிலையைத் தாம் அடைந்ததாகவும் அவர் 1966ஆம் ஆண்டில் பத்திரிகையொன்றுக்குக் கூறினார். இவ்வுவமை தற்செயலாக வந்ததன்று என்பது எமது எண்ணம். நிலத்தை உடைமையாகக் காணும் கண்ணே மனிதத் தோலையும் அவ்வாறு காண முடியும். நாற்சி மருத்துவர் மீதான வழக்கின் முடிவில், மனிதர்மீதான சோதனைகளுக்கு அவர்களின் சுயவிருப்பார்ந்த சம்மதம் இன்றியமையாதது என்ற நியூரெம்பேர்க் விதிக்கோவை 1947ஆம் ஆண்டில் வெளியாகியிருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னரே ஹோம்ஸ்பேர்க் சோதனைகள் தொடங்கின.

1974ஆம் ஆண்டு வரை அவை நீடித்தன. கைதிகளுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்படாதவர்கள். பிணைப் பணம் கட்ட வகையின்றி விளக்கத்தை எதிர்நோக்கி அடைபட்டிருந்தவர்கள். சிறை வேலைக்கு நாளொன்றுக்குச் சில சதங்களே கிடைத்தன. முதுகில் பரிசோதனைப் பொருளைத் தடவ இடங்கொடுத்தால் டொலர்கள் கிடைத்தன. அவர்கள் சம்மதித்துக் கையொப்பமிட்டார்கள் என்று வாதிடுவோருண்டு. கூலியுழைப்பில் சுதந்திரம் எனப்படுவது யாது என்பதை ஆராய்ந்தோர்க்கு இவ்வாதம் புதியதன்று. பட்டினிக்கும் வேலைக்கும் இடையே தெரிவுசெய்யும் சுதந்திரத்தின் கடையெல்லையைச் சிறைச்சாலையில் காண்கின்றோம்.

வாசனைப் பொருள்கள் முதல் இராணுவத்துக்கு வேண்டிய இரசாயனங்கள் வரை அங்கு சோதிக்கப்பட்டன. எமது பொருளோடு நேரடியாகத் தொடர்புடையன இரண்டு. முதலாவது டயொக்சின் சோதனை. தன் தொழிற்சாலைகளில் குளோரீன் பரு தோன்றியதால் கவலையுற்ற டௌ கெமிக்கல் நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் இச்சோதனைக்குப் பணம் வழங்கியது. நிறுவனம் இசைந்த அளவினால் விளைவெதுவும் தோன்றாதபோது, அதனிலும் 468 மடங்கு அதிகமான டயொக்சினைக் கிளிக்மன் பத்துக் கைதிகளின் தோலில் தடவினார். எண்மருக்குப் பரு எழுந்தது. அது நான்கு முதல் ஏழு மாதங்கள் வரை நீடித்தது. அதனைக் குணப்படுத்த முயற்சி எடுக்கப்படவில்லை. தொழிலாளரிடம் தற்செயலாகத் தோன்றிய நோய், அவர்களைக் காட்டிலும் உரிமை குறைந்தோரிடம் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது.

இரண்டாவது ட்ரெற்றினொயின் எனப்படும் விற்றமின் ஏ அமிலம். ஜேர்மனியில் ஸ்ற்றூற்கென் 1962ஆம் ஆண்டளவில் அதனைத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தியிருந்தார். கிளிக்மன் குழுவினர் ஹோம்ஸ்பேர்க் கைதிகளிடமும் அதனைச் சோதித்து, பருவுக்கு ஏற்ற மருந்தாக்கி, 1969ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1971ஆம் ஆண்டில் அது ரெற்றின்-ஏ என்ற பெயரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மயிர்க்காலின் அடைப்பை நீக்குவதில் அது மெய்யாகவே பயன் தருவது. 1980களில், வெயிலால் முதுமையுற்ற தோலின் சுருக்கங்களையும் அது குறைக்கும் என்று அறியப்பட்டதும் அதன் சந்தை பன்மடங்கு விரிந்தது. பல்கலைக்கழகமும் கிளிக்மனும் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனமும் பெரும் பொருளீட்டினர். யாருடைய தோலில் அது சோதிக்கப்பட்டதோ அவர்கள் அவ்விலாபத்தில் எப்பங்கும் பெறவில்லை.

அதே நகரின் இன்னொரு காட்சியையும் இதனருகே வைத்து நோக்குதல் வேண்டும். 1957 முதல் 1964 வரை பிலடெல்பியாவிலிருந்து நாடெங்கும் ஒளிபரப்பாகிய 'அமெரிக்கன் பான்ட்ஸ்ராண்ட்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பதின்ம வயதினர் நடனமாடினர். 1950ஆம் ஆண்டில் அறிமுகமான கிளியரசில் என்னும் பருக் களிம்பு அதன் பிரதான விளம்பரதாரர்களுள் ஒன்று. அந்நிகழ்ச்சி அங்கு நடைபெற்ற ஆண்டுகளில் கறுப்பின இளைஞர் பெரும்பாலும் உள்ளே அனுமதிக்கப்படாமலே தவிர்க்கப்பட்டனர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக, ஒரே காலத்தில் ஒரே நகரத்தில், மாசற்ற வெள்ளை முகம் இளமையின் இலட்சியமாகத் திரையில் காட்டப்பட்டது. அந்த இலட்சியத்துக்கு வேண்டிய அறிவு, கறுப்பரின் முதுகுகளில் தேடப்பட்டது. ஒன்று விளம்பரத்தின் ஒளியில் நடந்தது. மற்றது மதிலின் பின்னால் நடந்தது. இரண்டையும் இணைத்தது சந்தையே.

1971ஆம் ஆண்டில் கைதிகளுக்கு எழுத்தறிவூட்டச் சென்ற அலன் ஹோர்ன்புளும், அவர்களின் உடல்களில் ஒட்டப்பட்டிருந்த துணிக்கட்டுகளைக் கண்டு வினாவெழுப்பினார். அவர் எழுதிய நூல் 1998ஆம் ஆண்டில் வெளியாகியது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 முன்னாட் கைதிகள் வழக்குத் தொடுத்தனர். காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் அது தள்ளுபடியானது. கிளிக்மன் வருத்தம் தெரிவிக்காமலே 2010ஆம் ஆண்டில் காலமானார். பல்கலைக்கழக மருத்துவபீடம் 2021ஆம் ஆண்டிலும் நகரசபை நிருவாகம் 2022ஆம் ஆண்டிலும் மன்னிப்புக் கோரின. பாதிக்கப்பட்டோருட் பலர் அதற்குமுன் இறந்துவிட்டனர்.

6

நலன்கள் அறிவின் உள்ளடக்கத்தையும் தீண்டுவதுண்டு. 1969ஆம் ஆண்டில் கிளிக்மன் குழுவினர் சொக்கலேற்றுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்ற முடிவை வெளியிட்டனர். 65 பேர் அதில் பங்குகொண்டனர். பாதிக்கு மேற்பட்டோர் சிறைக்கைதிகள். சொக்கலேற்று உற்பத்தியாளர் சங்கம் அதற்கு ஆதரவளித்திருந்தது. ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட சொக்கலேற்று அற்ற இனிப்பிலும் சீனியும் கொழுப்பும் ஏறத்தாழ அதேயளவில் இருந்தன. அச்சோதனையினால் சீனியைப் பற்றி எதுவும் கூறவியலாது. இருந்தும், உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்ற போதனை மருத்துவ நூல்களில் பல தசாப்தங்கள் நிலைத்தது.

2002ஆம் ஆண்டில் கோர்டெய்ன் குழுவினர், பப்புவா நியூகினியின் கிற்றாவாத் தீவில் 1200 பேரையும் பரகுவேயின் ஆச்சே மக்களுள் 115 பேரையும் பரிசோதித்து, ஒருவரிடத்தேனும் பருவைக் காணவில்லை எனத் தெரிவித்தனர். இதனைக் கொண்டு ஆதி வாழ்க்கையின் தூய்மையைப் போற்றிப் பாடுவோருண்டு, அது கற்பனாவாதம். பரம்பரைக் காரணிகள் வேறாயிருத்தலும் கூடும். எனினும், 2007ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் நடந்த சிறிய ஆய்வொன்று, இரத்தத்தில் சீனியை விரைந்து உயர்த்தும் உணவைக் குறைத்த இளைஞரிடம் பரு தணிந்ததைக் காட்டிற்று. சீனியும் சுத்திகரித்த மாவும் மலிந்த உணவு முறை தனிமனிதரின் தெரிவு மட்டுமன்று. அது உற்பத்தியாலும் சந்தையாலும் உருவாக்கப்படுவது.

7

இவ்வரலாறு எமக்குக் கூறுவது யாது? அநீதியாகப் பெறப்பட்ட அறிவை முற்றாக நிராகரிக்க வேண்டும் என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ட்ரெற்றினொயினை இன்று ஒதுக்கிவைப்பதால் ஹோம்ஸ்பேர்க் கைதிகளுக்கு நீதி கிடைத்துவிடாது. உழைப்போர் உருவாக்கிய செல்வத்தை அழிப்பது எவ்வாறு விடுதலையாகாதோ அவ்வாறே இதுவும். அவ்வறிவின் விலையை அறிந்திருத்தலும், அதனைப் பண்டச் சிறையிலிருந்து மீட்டுப் பொதுவுடைமையாக்குதலுமே செய்யத்தக்கன.

இவ்விடத்தில் எமது நாட்டு அனுபவம் மனங்கொள்ளத்தக்கது. ரெற்றின்-ஏ அங்கீகாரம் பெற்ற அதே 1971ஆம் ஆண்டில், இடதுசாரியாகிய பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் இலங்கையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வணிகப் பெயர்களை நீக்கி மருந்தின் இயற்பெயரால் வாங்குதல், தேவையான மருந்துகளை மட்டும் மொத்தமாகக் கொள்வனவு செய்தல் என்பன அவர் வகுத்த நெறிகள். பருவுக்கும் வழங்கப்படும் ரெற்றாசைக்கிளின் 1974ஆம் ஆண்டு வாந்திபேதியின்போது அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் பெற்றுக்கொடுக்கும் மூலப்பொருளைக் கொண்டு அதனைத் தயாரிக்கப் பன்னாட்டுக் கம்பனியொன்று மறுத்தது. ஒரே மருந்து ஓரிடத்தில் அழகுக்கும் மற்றோரிடத்தில் உயிருக்கும் வேண்டியதாயிருக்க, இரண்டையும் இலாபக் கணக்கே தீர்மானிக்க முனைந்தது. பிபிலே 1977ஆம் ஆண்டில் காலமானார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

அந்நெறியைப் பருவுக்குப் பொருத்தினால் செய்யவேண்டியவை எளியன. பென்சோயில் பேரொட்சைட்டும் ட்ரெற்றினொயின் வகை மருந்துகளும் இயற்பெயரில் மலிவாகக் கிடைக்கக்கூடியவை. பலன் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள் செல்லும் என்பதையும், தொடக்கத்தில் தோல் சிவந்து உரியலாம் என்பதையும் நோயாளிக்குக் கூறுதல் வேண்டும். ட்ரெற்றினொயின் வகை மருந்துகளைக் கருவுற்ற பெண்கள் தவிர்த்தல் அவசியம். மென்மையான சவர்க்காரத்தால் நாளுக்கு இருமுறை கழுவுதல் போதும். பருவைக் கிள்ளுதல் தழும்பை உண்டாக்கும். நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தனித்து நெடுங்காலம் பயன்படுத்தினால் எதிர்ப்புடைய பற்றீரியா பெருகும்; அத்தகைய எதிர்ப்பு 1970களின் இறுதியிலேயே அறியப்பட்டது. அதன் தீங்கு பயன்படுத்தியவரோடு நில்லாது சமூகத்துக்குப் பொதுவாகின்றது. ஆழமான கட்டிகளும் தழும்பும் உடையோர் தாமதியாது தோல் வைத்திய நிபுணரை நாடுதல் நன்று.

இதற்கு மாறாக, முகத்தை வெண்மையாக்கும் எனக் கூறி விற்கப்படும் களிம்புகளுட் சில பாதரசத்தையும் வீரியமிக்க ஸ்ரெரொயிட்டுகளையும் கொண்டுள்ளன. ஸ்ரெரொயிட்டு தொடக்கத்தில் முகத்தைத் தெளிவாக்கிப் பின்னர் தானே பருவை உண்டாக்கும். சோசரின் ஏவலாளனுக்குப் பயன்படாத பாதரசம், ஆறு நூற்றாண்டுகளின் பின்னரும் நிறத்தைப் பற்றிய தாழ்வுணர்ச்சியை மூலதனமாக்கி விற்கப்படுகின்றது. அதனை வாங்குவோர் பெரும்பாலும் வேலைக்கும் திருமணத்துக்கும் முகமே தகுதியாகக் கேட்கப்படும் இளம்பெண்கள். அவர்களின் அறியாமையைக் கடிவது எளிது. அவ்வாறு கேட்கும் சமூகத்தை விமர்சிப்பதே கடினம். அதுவே எமது பணி.

முகப்பரு உடைய ஓர் இளைஞனோ யுவதியோ மருந்துக் கடையில் நிற்கும்போது, அவர்களுக்கு மூன்று உரிமைகள் உள்ளன. இது தம் குற்றமன்று என்று அறியும் உரிமை, பயனுள்ள மருந்தை இயற்பெயரில் நியாயமான விலைக்குப் பெறும் உரிமை, அம்மருந்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை என்பனவே அவை. முதலிரண்டையும் வைத்தியரும் அரசும் வழங்கவேண்டும். மூன்றாவதை வழங்குதல் ஆராய்ச்சியாளரின் கடன். ஹோம்ஸ்பேர்க் சோதனைகளை நடத்தியதும் ஒரு பல்கலைக்கழகமே என்பதால், பல்கலைக்கழகங்களில் இருப்போர் அக்கடனைத் தட்டிக்கழித்தல் தகாது.